வெள்ளாற்றங்கரையில் ஒரு க்யூஆர் அட்டை

சென்னையிலிருந்து திருச்சிக்குப் போகும் கார்டு லைனில் விருத்தாசலம் முக்கியமான ஜங்ஷன். கடலூருக்கு ஒரு பாதையும் சேலத்துக்கு ஒரு பாதையும் அங்கிருந்து பிரிகின்றன. ரயிலைவிட்டு இறங்கி ஊருக்குள் நடந்தால், மணிமுத்தாற்றங்கரையில் பழமலைநாதர் கோயில் கோபுரங்கள் தெரியும். தேவாரம் பாடிய திருமுதுகுன்றம் இதுதான்.

சுந்தரர் இங்கே இறைவனிடம் பெற்ற 12,000 பொன்னை மணிமுத்தாற்றில் போட்டுவிட்டு, திருவாரூர்க் கமலாலயக் குளத்தில் எடுத்துக்கொண்டார் என்பது இந்த ஊரோடு பிறந்த கதை. ‘ஆற்றில் போட்டுக் குளத்தில் தேடுவது’ என்ற சொல்வழக்கையும் அதோடு சேர்த்துச் சொல்வார்கள். திருவாரூரில் அந்தப் பொன்னின் மாற்றை உரைத்துப் பார்த்தவர் மாற்றுரைத்த விநாயகர். ஓரிடத்தில் போட்ட பணம் குறையாமல் இன்னோரிடத்தில் கைக்கு வர வேண்டும், அதைச் சரிபார்க்க ஒருவர் இருக்க வேண்டும் என்கிற ஆசை தமிழ்நாட்டில் எவ்வளவு பழையது என்பதற்கு இந்தக் கதையே சாட்சி.

இன்று அந்த வித்தை டீக்கடைக்கே வந்துவிட்டது. 2016 ஏப்ரலில் தொடங்கிய யுபிஐ முறையில், 2025 ஆகஸ்ட் மாதத்தில் மட்டும் 2,000 கோடிப் பரிவர்த்தனைகள் நடந்தன. பணம் வந்து சேரும் அந்த வழியாகச் சிறு வணிகரின் சரக்கு வெளியே போகிறதா, கடன் உள்ளே வருகிறதா? அதிலும் சிறுபான்மைச் சமூகங்களைச் சேர்ந்த, சொந்தக் கையை முதலாகப் போட்ட வணிகர்களுக்கு அந்த வழி திறந்திருக்கிறதா? விருத்தாசலத்திலிருந்து கருவேப்பிலங்குறிச்சி வரை அரை மணி நேரப் பேருந்துப் பயணத்தில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

பேருந்து ஏறும் முன் பீங்கான் தொழிற்பேட்டைக்குப் போக வேண்டும். விருத்தாசலம் பீங்கான் ஊரானதற்குக் காரணம் பக்கத்திலுள்ள நெய்வேலி. 1956-இல் தொடங்கப்பட்ட நெய்வேலி நிலக்கரி நிறுவனம் சுரங்கம் தோண்டியபோது, பழுப்பு நிலக்கரிக்கு மேலே வெள்ளைக் களிமண் படிந்திருந்தது. சுரங்கத்துக்கு அது அகற்ற வேண்டிய மண். விருத்தாசலத்துக்கு அது மூலப்பொருள். அந்த மண்ணை நம்பித் தொழிற்பேட்டை வந்தது; பீங்கான் தொழில்நுட்பத்தில் பட்டயப் படிப்பு கற்பிக்கும் அரசுக் கல்வி நிறுவனமும் இங்கேயே வந்தது. அகல் விளக்கு, ஊறுகாய் ஜாடி, தேநீர்க் கோப்பை, மின்சாரப் பியூஸ் கேரியர், கொலு பொம்மை என்று சின்னச் சின்னப் பட்டறைகளிலிருந்து சரக்கு கிளம்புகிறது.

பொம்மை பிறக்கும் விதத்தைப் பார்த்தவர்கள் அதன் விலையைப் பேரம் பேச மாட்டார்கள். களிமண்ணைக் கழுவி, மற்ற கனிமப் பொடிகளோடு கலந்து, தண்ணீர் விட்டுக் கூழாகக் கரைக்கிறார்கள். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் அச்சில் அந்தக் கூழை ஊற்றினால், அச்சு தண்ணீரை உறிஞ்சிக்கொள்ள, உட்சுவரில் மண் தோலாகப் படிகிறது. மிச்சக் கூழைக் கவிழ்த்துக் கொட்டி, அச்சைப் பிரித்து, பிசிறு செதுக்கி, ஈரத் துணியால் துடைத்து, நிழலில் உலர்த்திச் சூளையில் ஏற்ற வேண்டும். பிசிறு எடுப்பது, துடைப்பது, வண்ணம் தீட்டுவது எல்லாம் பெரும்பாலும் பெண்களின் வேலை. சூளையின் வெப்பம் ஆயிரம் டிகிரி செல்சியஸைத் தாண்டும். உலர்த்தலில் அவசரப்பட்டால் விரிசல். சூளையில் பிசகினால் மொத்தச் சுமையும் பாழ்.

இத்தனை நுணுக்கமான பொருள், பட்டறையைவிட்டு வெளியேறியதும் பெயரில்லாத பொருளாகிவிடுகிறது. மொத்த வியாபாரி வாங்கிப் போகிறார். நகரத்துக் கடையில் விலை ஏறுகிறது. அங்கிருந்து இணையக் கடைக்குப் போய் இன்னொரு முறை ஏறுகிறது. மண்ணைக் கரைத்தவர் எந்த ஊர், எந்தப் பட்டறை என்பது கைபேசித் திரையில் வருவதில்லை.

உத்தரப் பிரதேசத்தில் டெல்லிக்குத் தென்கிழக்கே குர்ஜா என்றொரு ஊர் இருக்கிறது. அதுவும் பீங்கான் ஊர்தான். அங்கே இந்தக் கலையைத் தலைமுறைகளாகக் காத்து வந்தவர்கள் முல்தானிக் குயவர்கள் எனப்படும் முஸ்லிம் குடும்பங்கள். குர்ஜாவின் நீலப்பூக் கோப்பையும் தட்டும் இன்று இந்தியா முழுக்க இணையத்தில் ‘குர்ஜா’ என்ற பெயரோடு விற்கின்றன. புவிசார் குறியீடும் அந்த ஊருக்கு உண்டு. ஊர்ப் பெயர் திரையில் ஏறினால் கைவினைஞருக்குப் பேரம் பேச ஒரு பிடி கிடைக்கும். விருத்தாசலத்துப் பொம்மைக்கு அப்படியொரு பெயர் இணையத்தில் இன்னும் நிலைபெறவில்லை.

பேருந்து தெற்கே திரும்புகிறது. ஜெயங்கொண்டம் போகும் சாலை இது. விருத்தாசலத்தைச் சுற்றி முந்திரியும் நிலக்கடலையும். வேளாண் பல்கலைக்கழகத்தின் ஆராய்ச்சி நிலையம் இங்கே உருவாக்கிய முந்திரி, கடலை ரகங்களுக்கு ‘விஆர்ஐ’ என்று ஊரின் பெயரையே முன்னெழுத்தாக வைத்திருக்கிறார்கள். தெற்கே போகப் போக நெல்லும் கரும்பும் கண்ணில் படுகின்றன. வெள்ளாறு பக்கத்தில் வந்துவிட்டதற்கு அது அடையாளம்.

கருவேப்பிலங்குறிச்சி சாலைகள் கூடும் ஊர். சுற்றுக் கிராமத்து மக்கள் இறங்கி ஏறும் இடம். அப்படிப்பட்ட ஊர்களுக்கே உரிய கடைகள் சாலையின் இருபுறமும்: மளிகை, உரம், பழம், கறி, பஞ்சர், தையல், செல்போன் ரீசார்ஜ், டீ. ஏறக்குறைய எல்லாக் கடை முகப்பிலும் ஒரு க்யூஆர் அட்டை ஒட்டியிருக்கும். சில கடைகளில் வந்த தொகையைத் தமிழில் உரக்கச் சொல்லும் சவுண்ட் பாக்ஸும் உண்டு. “பாய், ஜிபே பண்ணிட்டேன், பாத்துக்குங்க” என்று சொல்லிவிட்டு ஓடும் பேருந்தைப் பிடிப்பது இந்தச் சாலை முழுக்க இப்போது சாதாரணம்.

இதை வைத்து மட்டும் பார்த்தால் டிஜிட்டல் இடைவெளி என்று எதுவும் இல்லை என்றே தோன்றும்.

இடைவெளி அட்டைக்குப் பின்னால் இருக்கிறது. பணம் வாங்குவதற்கு ஒரு கைபேசி எண்ணும் வங்கிக் கணக்கும் போதும். இணையத்தில் விற்பதற்கும் கடன் கேட்பதற்கும் அவை போதாது. பான், ஆதார், உத்யம் என்னும் சிறுதொழில் பதிவு, ஜிஎஸ்டி, ரத்து செய்த காசோலை, கடை வாடகை ஒப்பந்தம், ஒவ்வொரு படியிலும் ஒரு ஓடிபி. இவை அத்தனையிலும் பெயர் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும்.

அங்கேதான் முதல் முள். தமிழர்களின் பெயரில் தலைப்பெழுத்து உண்டு, குடும்பப் பெயர் கிடையாது. ஒரு ஆவணத்தில் ‘கே’ என்று நிற்கும் எழுத்து இன்னொன்றில் அப்பாவின் முழுப் பெயராக விரிந்திருக்கும். முஸ்லிம் வணிகர்களுக்கு இந்தச் சிக்கல் இரட்டிப்பு. முகமது என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நான்கைந்து விதமாக எழுதுகிறார்கள். ரேஷன் கார்டில் ஒரு விதம், வாக்காளர் அட்டையில் ஒரு விதம், பள்ளிச் சான்றில் ஒரு விதம். எழுதியவர் எழுத்தர், சுமப்பவர் கடைக்காரர். கருவேப்பிலங்குறிச்சி என்ற ஊர்ப் பெயரே ஆங்கிலத்தில் ஓர் எழுத்து கூடியும் ஓர் எழுத்து குறைந்தும் பல வடிவங்களில் உலவுகிறது. கவுன்ட்டருக்குப் பின்னால் ஒரு மனிதர் உட்கார்ந்திருந்தால் பார்த்துப் புரிந்துகொள்வார். கணினிக்கு அது பொருந்தாத விவரம். அதைத் திருத்த இ-சேவை மையத்துக்கு ஒரு நாள், வட்டத் தலைநகருக்கு ஒரு நாள் என்று கடையைச் சாத்திவிட்டு அலைய வேண்டும். ஒற்றை ஆளாய் நடத்தும் கடைக்கு ஒரு நாள் மூடுவது என்பது ஒரு நாள் வருமானம் போவது.

இரண்டாவது முள் சட்டத்தில் இருந்தது. ஜிஎஸ்டி வந்த 2017-இலிருந்து, இணையச் சந்தையில் பொருள் விற்கும் எவரும், வியாபாரம் எவ்வளவு சிறியதானாலும், பதிவு செய்தே ஆக வேண்டும் என்றிருந்தது. தெருவில் கடை வைத்து விற்பவருக்கு ஆண்டுக்கு 40 லட்சம் ரூபாய் வரை விலக்கு. அதே பொருளை இணையத்தில் விற்றால் முதல் ரூபாயிலிருந்தே பதிவு. 2023 அக்டோபர் 1 முதல் இது தளர்ந்தது. மாநிலத்துக்குள் மட்டும் விற்கிற சிறு வணிகர், முழுப் பதிவு இல்லாமல் ஒரு சேர்க்கை எண்ணை வாங்கிக்கொண்டு இணையச் சந்தையில் விற்கலாம். நல்ல மாற்றம்தான். ஆனால் இந்த மாவட்டத்துக்கு அதிலும் ஒரு வேலி நிற்கிறது. அந்தச் சலுகையில் விருத்தாசலத்து விளக்கைக் கன்னியாகுமரிக்கு அனுப்பலாம். கடலூரை ஒட்டியிருக்கும் புதுச்சேரிக்கு அனுப்ப முடியாது. அது வேறு ஆட்சிப் பகுதி.

மூன்றாவது முள் பயம். 2025 ஜூலையில் கர்நாடகத்தில், யுபிஐ வரவுக் கணக்கை வைத்துச் சிறு கடைக்காரர்களுக்கு வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூரில் பல கடைகள் க்யூஆர் அட்டையைக் கிழித்துவிட்டு ‘ரொக்கம் மட்டும்’ என்று எழுதி வைத்தன. கணக்குப் பிள்ளை வைத்துக்கொள்ள வசதியில்லாதவர்களுக்கு, தங்கள் வரவு இன்னொருவர் திரையில் தெரிகிறது என்ற நினைப்பே ஒரு சுமை. எண்ணிக்கையில் சிறிய சமூகத்தவரும், அலுவலகங்களில் சொந்தக்காரர் யாரும் இல்லாதவரும் அந்தச் சுமையைக் கூடுதலாகவே உணர்கிறார்கள்.

சிறுபான்மை என்ற சொல்லுக்கு அரசு ஏட்டில் பெரும்பாலும் மதம்தான் பொருள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் கிறித்தவர்கள் 6.12 விழுக்காடு, முஸ்லிம்கள் 5.86 விழுக்காடு. முஸ்லிம்களின் நிலையை ஆராய்ந்த நீதிபதி ராஜிந்தர் சச்சார் குழு 2006-இல் கொடுத்த அறிக்கை இன்றும் படிக்க வேண்டிய ஆவணம். நாட்டின் முஸ்லிம் தொழிலாளர்களில் ஏறக்குறைய ஐந்தில் மூவர் சுயதொழில் செய்பவர்கள் என்றது அது. கூலி வேலையையும் சம்பள வேலையையும்விடச் சொந்தத் தொழிலையே அதிகம் நம்பி வாழும் சமூகம். ஆனால் வங்கிகளின் முன்னுரிமைக் கடனில் அவர்கள் பெயரில் நின்ற தொகை ஐந்து விழுக்காட்டுக்கும் குறைவு. மக்கள்தொகையில் பங்கு அப்போது 13.4 விழுக்காடு. தொழிலே வாழ்க்கை என்றிருப்பவர்களுக்குத்தான் தொழிலுக்கான கடன் எட்டவில்லை. இணையம் வருவதற்கு முன்பே இருந்த பள்ளம் இது. இணையம் அதை நிரப்பவில்லை. அதன் மேலேயே படிவங்களை அடுக்கியது.

கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து இன்னும் சற்றுத் தள்ளிப் போனால் ஸ்ரீமுஷ்ணம். அங்குள்ள பூவராகப் பெருமாள் மாசி மகத்துக்குக் கிள்ளைக் கடற்கரைக்கு எழுந்தருளும்போது, கிள்ளைத் தைக்காலில் முஸ்லிம்கள் மாலையோடு வரவேற்று மரியாதை செய்வது காலங்காலமாக நடக்கிறது. இந்த வட்டாரத்தில் வாங்குபவருக்கும் விற்பவருக்கும் நடுவே மதம் சுவராக நின்றதில்லை. பாய் கடைப் பிரியாணிக்குக் கூட்டம் யார் என்று கேட்டு வருவதில்லை. நேரில் இல்லாத சுவரைத் திரைக்குள் எழுப்பியது படிவமும் மொழியும்தான். அதனால்தான் இந்த இடைவெளி கூடுதலாக உறுத்துகிறது.

இதே சிக்கலின் இன்னொரு முகத்தைத் தாமிரபரணிக் கரையில் பார்க்கலாம். திருநெல்வேலியிலிருந்து அம்பாசமுத்திரம் போகும் வழியில் பத்தமடை. அங்கே கோரைப் பாய் நெய்பவர்கள் பெரும்பாலும் முஸ்லிம் பெண்கள். கோரையை ஆற்றுத் தண்ணீரில் ஊறவைத்து, மயிரிழையாகக் கிழித்து, பருத்தி நூல் பாவில் நெய்யும் பட்டுப்பாய் ஒன்றுக்கு வாரக்கணக்கில் உழைப்பு வேண்டும். 1953-இல் எலிசபெத் ராணியின் முடிசூட்டுக்குப் பரிசாகப் போன பாய் அந்த ஊருடையது. புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆனால் இணையத்தில் பத்தமடைப் பாய் என்று தேடினால் விற்கும் நிறுவனத்தின் பெயர் வரும். நெய்த பெண்ணின் பெயரைத் தேட வேண்டியிருக்கும். ஊர்ப் பெயர் திரையில் ஏறியும், அந்தப் பெயரின் பலன் தறிக்கு வந்து சேரவில்லை.

பெண் என்றால் இடைவெளி இன்னொரு மடங்கு. 2019-21இல் எடுத்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், இணையத்தை ஒரு முறையாவது பயன்படுத்தியதாகச் சொன்ன ஆண்கள் 57.1 விழுக்காடு, பெண்கள் 33.3 விழுக்காடு. பீங்கான் பட்டறையில் பிசிறு எடுப்பவரும் பாய் நெய்பவரும் அந்த இரண்டாவது எண் பேசும் பெண்களைச் சேர்ந்தவர்கள். வீட்டில் ஒரே கைபேசி இருந்தால் பகலில் அது வெளியே போகிறவர் சட்டைப் பையில் இருக்கும். ஓடிபி வரும் நேரத்தில் விண்ணப்பிப்பவர் கையில் அது இருக்காது.

உலகத்தின் பணக்கார நாடும் இதில் தேறவில்லை. 2020 ஏப்ரலில் அமெரிக்கா, கொரோனா முடக்கத்தில் தவித்த சிறு வணிகங்களுக்கு 34,900 கோடி டாலர் கடன் வழங்கத் தொடங்கியது. பதின்மூன்றே நாளில் அந்தத் தொகை தீர்ந்தது. வங்கியில் தெரிந்த முகம் இருந்தவர்கள் முன்னால் போனார்கள். கறுப்பினச் சிறு வணிகர்கள் பலர் பின்னால் நின்றார்கள். பிறகு ஆராய்ந்தவர்கள் கண்டது கவனிக்க வேண்டிய செய்தி: கறுப்பின வணிகர்களுக்குக் கடன், வழக்கமான வங்கிகளைவிட இணையவழி நிதி நிறுவனங்கள் மூலமாகவே அதிகம் போய்ச் சேர்ந்தது. முகம் பார்க்காத இயந்திரம், ஒழுங்காக அமைத்தால், முகம் பார்த்து ஒதுக்கும் மனிதரைவிட நியாயமாக நடந்துகொள்ளும். கருவேப்பிலங்குறிச்சிக் கடைக்காரரின் யுபிஐ வரவு அவருடைய நேர்மைக்கு அன்றாடம் எழுதப்படும் சான்று. நிலப் பத்திரம் கேட்கும் இடத்தில் அந்தச் சான்றை ஏற்றுக்கொண்டால் கடன் வாசல் பாதி திறந்துவிடும்.

திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. சிறுபான்மையினருக்குக் கடன் தரவே தமிழ்நாடு சிறுபான்மையினர் பொருளாதார மேம்பாட்டுக் கழகம், டாம்கோ, 1999-இலிருந்து இயங்குகிறது. கூட்டுறவு வங்கிகள் வழியாக அந்தக் கடனை வாங்கலாம். தமிழ்நாடு அரசு 2025 ஏப்ரலில் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டம், 25 தொழில்களில் ஈடுபட்டவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் வரை கடனும், அதில் 25 விழுக்காடு, உச்ச அளவாக 50,000 ரூபாய், மானியமும் தருகிறது. மாநிலத்தின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழை இணைப்புக் கொடுக்கும் வேலையைத் தமிழ்நாடு ஃபைபர்நெட் நிறுவனம் கையில் எடுத்திருக்கிறது. கம்பி வருகிறது, கடன் அறிவிப்பு வருகிறது. இரண்டுக்கும் நடுவே, கடைக்காரரின் பக்கத்தில் உட்கார்ந்து, தமிழில் பேசி, பெயர்ப் பிழையைத் திருத்தி, முதல் பொருளின் படத்தை ஏற்றிக் காட்டும் ஆள்தான் இல்லை.

அந்த ஆளை நியமிப்பது பெரிய செலவு பிடிக்கும் காரியமில்லை. விருத்தாசலத்தில் பீங்கான் படிக்கும் மாணவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பயிற்சிக் காலத்தில் ஒரு பகுதியைப் பட்டறைகளின் இணையக் கடையை அமைப்பதற்கு ஒதுக்கலாம். மாவட்டத் தொழில் மையமும் சிறுபான்மையினர் நல அலுவலகமும் மாதம் ஒரு நாள், கடை மூடிய மாலை நேரத்தில், கருவேப்பிலங்குறிச்சி போன்ற கூட்டுச் சாலை ஊர்களில் முகாம் போட்டால், ஒரு நாள் வருமானத்தை இழக்காமல் ஆவணங்களைத் திருத்திக்கொள்ளலாம். விண்ணப்பப் படிவங்கள் முழுக்கத் தமிழில் இருக்க வேண்டும். விருத்தாசலத்துப் பீங்கானுக்கு ஒரு பொதுப் பெயரும் முத்திரையும் வேண்டும். அது பட்டறைகளின் கூட்டு உடைமையாக இருக்க வேண்டும். இடைத்தரகரின் சொத்தாகக் கூடாது.

வாசகர்களும் இதில் ஒரு பங்கு எடுத்துக்கொள்ளலாம். நவராத்திரிக்கான பொம்மைகள் புரட்டாசியில் கடைக்கு வந்தாலும், அச்சில் கூழ் ஊற்றுவது அதற்குப் பல மாதம் முன்னதாக. இந்த ஆண்டு கொலுவுக்கு வாங்குபவர்கள் ஆடியிலேயே விருத்தாசலம் பீங்கான் தொழிற்பேட்டைக்கு ஒரு முறை போய்வாருங்கள். பிடித்த பொம்மையைச் செய்த பட்டறையிலேயே சொல்லிவையுங்கள், பணத்தை அந்தப் பட்டறையின் க்யூஆர் அட்டையிலேயே செலுத்துங்கள், பட்டறையின் பெயரையும் எண்ணையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பொம்மையின் படத்தை நண்பர்களுக்கு அனுப்பும்போது அந்தப் பெயரையும் எண்ணையும் சேர்த்தே அனுப்புங்கள்.